குளத்தடிக் குப்பை: வாசகர் கேள்விகளுக்கு ஒரு முக்குளிப்பவரின் பதில்

கேள்வி: கடலில் ஸ்கூபா பயிற்சி முடித்திருக்கிறேன். குளத்தடியில் கிடக்கும் குப்பையை எடுக்கும் தன்னார்வக் குழுவில் சேர ஆசை. ஐந்து மீட்டர் ஆழம்தானே, நேரே இறங்கிவிடலாமா?

பதில்: ஆசையை வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தை விட்டுவிடுங்கள். குளத்தில் நம்மைச் சோதிப்பது ஆழமல்ல, சேறு. துடுப்புக் காலால் ஒருமுறை ஓங்கி உதைத்தால் போதும், நுண்ணிய வண்டல் கிளம்பி, முகத்துக்கு முன்னால் நீட்டிய சொந்தக் கையே தெரியாது. அது மறுபடி படியும்வரை வேலை நின்றது நின்றதுதான். அதனால் புதிதாக வருகிறவரிடம் நான் முதலில் பார்ப்பது, தரையைத் தொடாமல் ஒரே மட்டத்தில் மிதந்து நிற்க வருகிறதா என்பதைத்தான். மூழ்குவதற்காகக் கடலில் உடம்பில் கட்டிய ஈய எடையை அப்படியே கட்டிக்கொண்டு வராதீர்கள். நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது, நம்மைத் தாங்கும் விசையும் அங்கே குறைவு. அதே எடையோடு இறங்கினால் சேற்றில்தான் போய் உட்காருவீர்கள்.

பாதி நேரம் விரல்களை நம்பித்தான் வேலை. கையுறைக்குள்ளும் பழகிய விரலுக்கு வித்தியாசம் தெரியும். பாட்டில் வழுக்கிக்கொண்டு உருளும். உயிருள்ள மட்டியோ சேற்றில் காலூன்றியிருப்பதால், இழுத்தால் லேசாக எதிர்க்கும். உடனே கையை எடுத்துவிடுங்கள். ஓயாமல் நீரை வடிகட்டிக்கொண்டிருக்கும் உயிர் அது. அதையும் குப்பையோடு அள்ளி வருவது பெரிய அநியாயம்.

நான் மிகவும் அஞ்சுவது தூண்டில் நரம்புக்கு. நிறமற்ற அந்த நைலான் இழை நீருக்குள் கண்ணில் படாது. முதுகிலுள்ள காற்று உருளையின் வால்வில் சிக்கினால் திரும்பிப் பார்க்காதீர்கள். திமிறத் திமிற இறுகும். அசையாமல் நின்று, துணைக்கு வந்தவரை வெட்டச் சொல்லுங்கள். நரம்போடு வரும் ஈயக் குண்டை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். நீர்ப்பறவைகள் அதைக் கூழாங்கல் என்று விழுங்கி, ஈய நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987-ல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது.

கேள்வி: அடியில் கிடக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதானே நல்லது?

பதில்: இல்லை. விழுந்து கிடக்கும் மரக்கிளை குப்பையல்ல, மீன்குஞ்சுகளின் ஒளிவிடம். தகர டப்பாவைக்கூட எடுத்தவுடன் வலைப்பைக்குள் போடக்கூடாது. நீருக்குள்ளேயே கவிழ்த்து மெல்ல ஆட்டுங்கள். உள்ளே குடியிருப்பவை வெளியேறட்டும். மீன் முட்டை ஒட்டியிருந்தால், குஞ்சு பொரிக்கும்வரை அந்த டப்பா அங்கேயே இருக்கலாம். டயரைப் போன்ற கனமான பொருளுக்கு, காற்று நிரப்பி அதை மேலே மிதக்கவைக்கும் தூக்கும் பை வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் பையில் நிரப்பிய காற்று மேலே வருவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக விரியும். ஏற ஏற வேகமும் கூடும். கட்டு நழுவினால் டயர் அப்படியே திரும்பி விழும், ஆகவே அதன் கீழே எவரும் இருக்கக்கூடாது. வெடிகுண்டோ என்று சந்தேகம் வந்தால் தொடாமல் மேலே வந்து காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சலே தெரியாது. நான் உதவ முடியுமா?

பதில்: தாராளமாக. கலங்கிய நீரில் இறங்கியவரின் இடுப்புக் கயிற்றைக் கரையில் பிடித்திருப்பவரை நம்பித்தான் நாங்கள் மூழ்குகிறோம். கயிற்றை இழுத்துச் சொல்லும் சைகைகளைப் பழகிக்கொள்ளுங்கள். கனமழைக்கு மறுநாள் கழிவுநீரும் எலிக்காய்ச்சல் கிருமியும் குளத்தில் கலந்திருக்கலாம். நீர்மேல் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அதில் நஞ்சு இருக்கலாம். அந்த நாட்களில் யார் இறங்கப் போனாலும் தடுத்துவிடுங்கள், குழுத் தலைவராகவே இருந்தாலும்.