ஒரே குகை, ஒரே ஊர்
(வாசகர் கேள்வி – பதில்)

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அண்ணா, ‘ட்ராகன் ஏஜ் 2’ என்ற வீடியோ கேமை விளையாடி முடித்தேன். எனக்கு நல்லாய்ப் பிடித்தது. முதலாவது பாகத்தை மூன்று தரம் முடித்த என் கூட்டாளி இதைக் குப்பை என்கிறான். தேடிப் பார்த்தால் விமர்சகர்கள் நூற்றுக்கு எண்பது மட்டில் போட்டிருக்கினம். விளையாடின சனம் பத்துக்கு ஐந்துகூடப் போடவில்லை. ஆர் சொல்வது சரி?

பதில்: தம்பி, கூட்டாளியோடு சண்டை பிடிக்காதீர்கள். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

முதலாவது பாகம் 2009 நவம்பரில் வந்தது. ஆறு விதமான தொடக்கக் கதைகள். பிரபு வீட்டுப் பிள்ளையாகவும் பிறக்கலாம், குள்ளர் நகரத்துச் சேரியிலும் பிறக்கலாம். கொம்பியூட்டரில் விளையாடினால் கமராவை மேலே தூக்கி, களத்தைச் சதுரங்கப் பலகை போலப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுக்கலாம். அடுத்த பாகம் 2011 மார்ச்சில், அதாவது பதினாறே மாதத்தில் வந்துவிட்டது. அதில் நீங்கள் ‘ஹோக்’ என்ற ஒரே மனிதர்தான். கமரா மேலே போகாது. பின்வரிசையில் மந்திரக்காரியைப் பத்திரமாக நிறுத்திவைத்திருப்பீர்கள். இரண்டாவது அணி எதிரி அவள் தலைக்கு மேலாலேயே வந்து குதிக்கும். போட்ட திட்டமெல்லாம் வீண். மூன்று தரம் முடித்தவன் கற்றுக்கொண்ட வித்தை முழுவதும் அந்த இடத்தில் செல்லாக்காசாகிவிடுகிறது. விமர்சகருக்கு அந்த இழப்பு இல்லை. அவர் கையில் வந்ததை எடைபோட்டார். உங்கள் கூட்டாளி தன்னிடமிருந்து போனதை எண்ணினான்.

ஆனால் நான் விமர்சகர் பக்கமும் முழுதாக நிற்கமாட்டேன். இந்தக் கேமில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது.

கதை ஒரு குடும்பம் ஊரைவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. தாய், மூத்த பிள்ளை, ஒரு தம்பி, ஒரு தங்கை. வழியிலேயே தம்பியோ தங்கையோ செத்துப்போகிறார்கள். தாய் மூத்த பிள்ளையைப் பார்த்து உன்னால்தான் என்கிறாள். உடலை விட்டுவிட்டு நடக்கவேண்டும். கப்பலேறி ‘கேர்க்வோல்’ நகரத்துக்கு வந்தால் வாசலில் மறிக்கிறார்கள், அகதிகளுக்கு இனி இடமில்லை என்று. உள்ளே இருக்கும் தாய்மாமன் குடும்பச் சொத்தைத் தொலைத்துவிட்டு ஒரு இருட்டறையில் இருக்கிறார். உள்ளே விடுவதற்கு லஞ்சம் கட்ட, கடத்தல்காரியிடமோ கூலிப்படையிடமோ ஒரு வருடம் வேலை செய்யவேண்டும்.

2012இல், கனடாவிலிருந்து வந்த மச்சான் விட்டுப்போன லாப்டொப்பில் இதை விளையாடினேன். அதற்கு மூன்று வருடம் முன்பு நானும் அம்மாவும் செட்டிகுளத்தில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அந்த வாசல் காட்சியில் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இந்தக் கேமைச் செய்த, கனடாவின் எட்மன்டனில் இருக்கும் பயோவேர் கொம்பனிக்காரருக்கு எங்களைத் தெரியாது. என்றாலும் மறிக்கப்பட்ட சனம் ஒன்றோடொன்று எரிந்து விழுவதையும், உள்ளே ஆரையாவது தெரியுமா என்று ஒவ்வொருவரும் கேட்பதையும் சரியாக எழுதியிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்றும் வீரன் கதையில்லை இது. ஒரே ஊரில் ஏறத்தாழ ஏழு வருடம் காலூன்றப் பார்க்கிற குடும்பத்தின் கதை. பெரிய தேசம், பெரிய படை என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது சிறிதாகத் தெரிந்தது. எனக்கு அதுவே போதுமான பெரிதாக இருந்தது.

என் மனக்குறை வேறு இடத்தில். வேலை செய்யவேண்டிய அந்த ஒரு வருடத்தைக் கேம் ‘ஒரு வருடத்தின் பின்’ என்று தாண்டிவிடுகிறது! அந்த வருடத்தைத்தான் நான் விளையாட விரும்பினேன்.

இனி எல்லாரும் திட்டும் குகைகளுக்கு வருவோம். ஒரே குகையைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இந்தமுறை இந்தக் கதவைக் கல்லால் அடைப்பது, அடுத்தமுறை மற்றதை. மூலையிலுள்ள சின்ன வரைபடத்தில் அடைத்த பாதைகளும் அப்படியே தெரியும். அவசரத்தில் செய்ததென்பது பச்சையாகப் புரிகிறது. அதை மன்னிக்க முடியாது. ஆனால் குற்றம் ஒரே மாதிரி இருந்ததில் இல்லை. முகாமில் எங்கள் கூடாரமும் அடுத்ததும் அதற்கடுத்ததும் ஒரே வெள்ளைதான். தண்ணிக்குப் போய்வரும்போது பிழையான கூடாரத்துக்குள் நுழைந்துவிடக்கூடாதென்று அம்மா கயிற்றில் தன் சேலைக்கரையில் ஒரு துண்டைக் கிழித்து முடிந்துவிட்டிருந்தா. ஊதா நிறம். அதைக் கண்டால் வீடு வந்துவிட்டது. அந்தக் குகைகளில் அப்படி ஒரு முடிச்சுக்கூட இல்லை. போனமுறை நான் வந்த தடயமே இல்லை.

ஊரும் அப்படித்தான். நாங்கள் 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பினபோது தறப்பாள், பிறகு தகரம், பிறகு பாதி பூசின கல்வீடு. ஏ9 வீதி கார்ப்பெட் ஆனது. 2013 செப்டம்பரில் ரயில் வந்தது; பார்க்க அயலெல்லாம் திரண்டு போனோம். கேர்க்வோலிலோ ஏழு வருடத்தின் பின்னும் அதே கடை, அதே மூலையில் அதே ஆள். ஒரு ஊரை ஏழு வருடம் காட்டுவோம் என்று சொல்லிவிட்டு அந்த ஏழு வருடத்தையும் ஊரின் முகத்தில் எழுதாமல் விட்டார்கள். எண்ணம் பெரியது, பதினாறு மாதம் அதற்குப் போதவில்லை. விமர்சகர் எண்ணத்துக்குப் புள்ளி போட்டார். ரசிகர் குகைகளை எண்ணினார். என் தீர்ப்பைக் கேட்டால், கதை உங்களுக்கு, குகை உங்கள் கூட்டாளிக்கு.

இன்னொன்று. கதையின் இரண்டாம் பகுதியில் ஹோக்கின் தாய்க்கு வெள்ளை லில்லிப் பூக்கள் வருகின்றன. (விளையாடாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள்.) அனுப்புகிறவன் ஒரு கொலைகாரன். முதற்பகுதியிலேயே நீங்கள் என்ன துப்புத் துலக்கியிருந்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. தெரிவு செய்ய விடாத கேம் என்னத்துக்கு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நான் கேமில் சேமித்துவைத்த மூன்று பழைய பதிவிலிருந்து திரும்பத் திரும்ப ஓடிப் பார்த்தேன், வேறு தெருவால் போனால் நேரத்துக்குச் சேரலாமோ என்று. சேரமுடியவில்லை. அதற்காகக் கேமைக் குறைசொல்ல என்னால் இயலவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 13 வயது. இதை விளையாட விடலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது என்றுதான் முத்திரை குத்தியிருக்கிறார்கள். இரத்தத்தைவிட, மேலே சொன்ன அந்தத் தாயின் முடிவு பிள்ளையின் நித்திரையைக் கெடுக்கும்.

பரந்தனிலிருந்து ஒரு வாசகர்: மூன்றாவது பாகத்தில் இந்தக் குறைகளைத் திருத்தினார்களா?

பதில்: ‘இன்குவிசிஷன்’, 2014 நவம்பர். ஒரே குகைதானா என்றவர்களுக்கு வயல், காடு, மலை என்று அள்ளிக் கொடுத்தார்கள். அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதும் கிடைத்தது. ஆனால் முதல் பெருவெளியிலேயே பலர் மூலிகை பிடுங்கிக்கொண்டு நின்று களைத்துப்போனார்கள். நானும் நின்றேன். இரண்டாவது பாகத்தில் ஹோக்கோடு திரிந்த வாரிக் என்ற குள்ளன் இதிலும் கூட வருவான், அது ஆறுதல். நாலு மணித்தியாலம் மூலிகை பிடுங்கின பிறகு நான் தேடினது, அந்த மாமனுடைய இருட்டறையில் கடிதங்கள் வந்து கிடக்கும் சின்ன மேசையைத்தான்.