இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாய்க்குட்டியைப் பழக்க முடியுமா?

கேள்வி: நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவோம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாய்க்குட்டி வாங்கினோம். இப்போது அதற்குப் பத்து வாரம். 'பேப்பரில் போகப் பழக்கியாச்சு' என்று சொல்லித்தான் விற்றார்கள். ஹாலில் பேட் (ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு) விரித்துவிட்டுப் போகிறோம். வந்து பார்த்தால் பாதி பேட்டில், பாதி தரையில், கால்மிதியில். கணவர் அதட்டினால் தப்பு செய்த முகத்தோடு பார்க்கிறது, நின்ற இடத்திலேயே இன்னும் கொஞ்சம் விட்டுவிடுகிறது. மறுநாளும் இதே கதை. தன்னிடம் மூன்று வாரம் விட்டால் பழக்கித் தருவதாக ஒரு பயிற்சியாளர் உத்தரவாதம் தருகிறார், முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? நாங்களே செய்ய முடியுமா?

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். பலர் கொடுத்த பிறகுதான் எனக்கு எழுதுகிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களே செய்ய முடியும். ஆனால் பகலில் ஒரு தடவையாவது, முதல் இரண்டு மாதங்களுக்கு இரண்டு தடவை, யாராவது வீட்டுக்கு வந்து குட்டியை வெளியே விட வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் வேறு என்ன செய்தாலும் பலிக்காது.

உங்கள் குட்டிக்கு இன்னும் அடக்கும் சக்தி வரவில்லை. எத்தனை மாத வயதோ அத்தனை மணி நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம், இதுதான் கால்நடை மருத்துவர்களான நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பத்து வாரக் குட்டிக்கு மூன்று மணி நேரமே அதிகம். நீங்கள் அதை ஒன்பது மணி நேரம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். தூங்கும்போது உடலில் சிறுநீர் குறைவாகச் சேரும் என்பதால் ராத்திரியில் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அதை வைத்து, 'ராத்திரி அடக்கத் தெரிகிறது, பகலில் வேண்டுமென்றே செய்கிறது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு நாளையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பயிற்சி என்று எதுவும் நடக்காது. கெட்ட பழக்கம் ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அப்போதைய வேலை. பயிற்சியெல்லாம் நீங்கள் வீட்டில் இருக்கும் காலையிலும் மாலையிலும் விடுமுறை நாட்களிலும்தான்.

முதலில் நீங்கள் இல்லாத நேரம். ஹால் முழுவதையும் குட்டிக்கு விடாதீர்கள். மடக்குத் தடுப்பு வைத்து ஒரு மூலையை அடைத்து, ஒரு கோடியில் படுக்கை, அதன் பக்கத்தில் தண்ணீர், எதிர்க் கோடியில் கழிக்கும் இடம் என்று அமையுங்கள். தூங்கும் இடத்தை அசுத்தம் செய்யாமல் விலகிப் போகும் பழக்கம் குட்டிகளுக்கு மூன்று வார வயதிலேயே தொடங்கிவிடுகிறது, அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். காலடியில் எது தட்டுப்படும்போது போக வேண்டும் என்பதும் ஏறக்குறைய உங்கள் குட்டியின் வயதில்தான் மனதில் பதிகிறது. இதனால்தான் எனக்குப் பேட் பிடிப்பதில்லை. மெத்தென்ற துணி மாதிரியான ஒன்றின் மேல் போகலாம் என்று பழகிய குட்டிக்கு உங்கள் கால்மிதியும் பேட்தான். பின்னாளில் அது புல்லிலோ மண்ணிலோ போக வேண்டும் என்றால், இப்போதே ஒரு தட்டில் புல்தரைத் துண்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் மண் போதும்.

கூண்டில் அடைத்தால் அடக்கிக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவுக் கூண்டு ராத்திரிக்கும் ஓரிரு மணி நேரத்துக்கும் நல்லதுதான். ஒன்பது மணி நேரம் அடைத்தால் குட்டி தன் கழிவிலேயே படுக்க வேண்டி வரும். நாலு நாள் அப்படிப் படுத்த குட்டிக்கு அசுத்தத்தின் மேல் இருந்த அருவருப்பே போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம். தண்ணீரை நிறுத்துவதும் கூடாது. ராத்திரி படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்துவைக்கலாம், அவ்வளவுதான்.

பகலில் வருபவர் பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ கூலிக்கு நாயை நடத்திச் செல்பவரோ, யாராக இருந்தாலும் சரி. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம், அது முக்கியம். மதியச் சாப்பாட்டை அவரே போடட்டும். இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை சாப்பாடு தேவைப்படும். வயிறு நிறைந்த கொஞ்ச நேரத்தில் குடல் அசையும், அதனால் சாப்பிட்ட பிறகு கால் மணி நேரமாவது அவர் உடன் இருக்க வேண்டும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரால் பயனில்லை. உங்கள் இருவரில் ஒருவருக்கு முதல் வாரத்திலாவது விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். நாய்க்குட்டிக்காக விடுப்பா என்று மேலதிகாரி சிரிக்கலாம், பரவாயில்லை.

இனி நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், தண்ணீர் குடித்ததும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே கொண்டுபோங்கள். இவை எதுவும் நடக்காவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை. கயிற்றில் கட்டி, ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், பேசாமல் நில்லுங்கள். மூக்கைத் தரையில் வைத்து, நடை வேகமாகி, சின்ன வட்டம் போடும், பிறகு உட்காரும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். சிறுநீர் வரத் தொடங்கியதுமே 'ஆஹா, சமத்து' என்று கத்தினால் குட்டி பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடி வரும், மீதியை வீட்டுக்குள் வந்து விடும். முழுக்க முடியட்டும். முடித்து எழுந்த அந்த விநாடியே, அதே இடத்தில், பையிலிருந்து தீனியை எடுத்துக் கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் தீனி என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். கொடுத்த பிறகு ஐந்து நிமிடம் விளையாட விடுங்கள். முடித்ததும் உடனே உள்ளே தூக்கிப் போனால், சீக்கிரம் முடித்தால் வெளியே இருப்பது போச்சு என்று இழுத்தடிக்கக் கற்றுக்கொள்ளும்.

தடுப்பூசி முடியாமல் வெளியே கொண்டுபோகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஊசி வரிசை 16 வாரம் வரையாவது போகும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் மற்ற நாய்கள் வந்துபோகும் பூங்காவும் தெருவோரமும் இப்போதைக்கு வேண்டாம். வெளி நாய்கள் வராத உங்கள் பால்கனி, மாடி, முற்றம் போதும்.

அதட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தத் 'தப்பு செய்த முகம்' குற்ற உணர்வு இல்லை. 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொன்னதை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை, உரிமையாளர் திட்டினால்தான் அந்த முகம் கூடுகிறது என்று தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குப் போனதற்கு ஐந்தரைக்கு அதட்டினால் குட்டிக்கு என்ன விளங்கும்? மனிதர் உள்ளே வரும்போது தரையில் ஈரம் இருந்தால் ஆபத்து என்பது மட்டும் விளங்கும். மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பது அதைவிட மோசம். அப்படி வளர்ந்த குட்டி மனிதர் எதிரில் போகவே பயப்படும், சோபாவுக்குப் பின்னால் போய் முடித்துவிட்டு வரும். அப்புறம் வெளியே கூட்டிப் போய் எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் கண் முன்னால் அது போகாது.

கணவர் எதிரில் நின்ற இடத்திலேயே கொஞ்சம் விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தப் பிரச்சினையோடு சேராத தனி விஷயம், இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் குட்டி பாழாகிவிடும். இது பணிந்து போகிற குட்டி விடும் சிறுநீர். 'நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே' என்று உடல் தானாகச் சொல்வது, அதன் விருப்பத்தில் நடப்பதில்லை. அடையாளம் சொல்கிறேன், பாருங்கள். காது பின்னால் மடங்கியிருக்கும், உடம்பு தரையோடு தாழும், வால் கால்களுக்கு நடுவே போகும், சில குட்டிகள் புரண்டு வயிற்றைக் காட்டும். அளவு மிகக் கொஞ்சம், சில சொட்டுதான். ஆள் உள்ளே நுழையும்போது, மேலே குனியும்போது, குரல் உயரும்போது வரும். குட்டி தனியாக இருக்கும்போது வரவே வராது. இதற்கு அதட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் விடும், விட்டால் இன்னும் அதட்டல், இப்படியே போகும். கணவர் வீட்டுக்குள் வந்ததும் குட்டியைப் பார்க்காமல், பேசாமல், செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் தன் வேலையைப் பார்க்கட்டும். அது தானாக அருகில் வந்த பிறகு, நேருக்கு நேர் நில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் மார்பின் கீழே தடவட்டும். முதலில் வெளியே கொண்டுபோகும் வேலையை நீங்கள் செய்யுங்கள். சொட்டினால் ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்துவிடுங்கள். திட்டு நின்றால் பெரும்பாலான குட்டிகளுக்கு வளர வளர இது தானாகவே போய்விடும்.

துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு நாற்றம் போனாலும் குட்டியின் மூக்குக்குப் போயிருக்காது, வாசனை இருக்கும் இடத்துக்கே திரும்ப வரும். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம். பிளீச்சும் வேண்டாம், சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கும் வாயு வரும். செல்லப்பிராணிகளுக்கான, நாற்றத்தைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். ஊற்றிய கையோடு துடைத்தால் காசுதான் வீண்.

இப்போது அந்தப் பயிற்சியாளர். அவர் இடத்தில் மூன்று வாரம் குட்டி ஒழுங்காக இருக்கலாம். அங்கே தரை வேறு, கதவு வேறு, ஆள் வேறு. ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குத் தானாக எடுத்துப் போவது நாய்களுக்கு வராது. உங்கள் வீட்டுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்துதான். கேட்டால், 'நான் பழக்கிக் கொடுத்தேன், நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்' என்பார். உயிருள்ள பிராணிக்கு நாள் குறித்து உத்தரவாதம் தருகிறவர் ஒன்று அறியாதவர், இல்லை ஏமாற்றுகிறவர். பல நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. முடி வெட்டும் கடைக்கு இருக்கும் விதி கூட இவர்களுக்கு இல்லை. பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கற்றுத் தருகிறவரைத் தேடுங்கள். குட்டி தப்பு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலில் அடி, சங்கிலியைச் சுண்டி இழுப்பது, மின்சாரக் கழுத்துப்பட்டை ஏதாவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

விற்றவரும் இதே ரகம்தான். ஏழு வாரத்தில் தாயைப் பிரித்துக் கொடுத்துவிட்டு 'பழக்கியாச்சு' என்கிறார். அந்த வயதில் பழகிய குட்டி என்று ஒன்று கிடையாது. எட்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும். ஊசி அட்டையில் வயதைக் கூட்டி எழுதும் விற்பனையாளர்களும் உண்டு, அடுத்த ஊசிக்குப் போகும்போது பல்லைப் பார்த்து வயது சரிதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்று நான் எழுதியதையெல்லாம் முதல் ஊசியன்றே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் குத்தி அனுப்பிவிடுகிறோம், எங்கள் தொழிலின் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் அதுதான்.

பொதுவாக ஐந்தாறு மாத வயதில் பழக்கம் நிலைப்படும். அதற்கு நடுவில் கால் மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலோ, முக்கிப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ பயிற்சியை ஓரமாக வையுங்கள். அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான, காய்ந்த டப்பாவில் பிடித்து, தாமதிக்காமல் குட்டியோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.