கட்சி சாராக் கொள்கை ஆய்வு நிறுவனம் என்றால் என்ன?

அரசின் முடிவுகளால் மக்களுக்கு என்ன நேர்கிறது, அவற்றைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எந்தக் கட்சிப் பக்கமும் சாயாமல் ஆராய்ந்து சொல்லும் அமைப்பு இது. கலிபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு: ஹியூலெட்-பேக்கர்ட் கணினி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் ஹியூலெட் அளித்த அறக்கொடையைக் கொண்டு 1994இல் தொடங்கப்பட்ட அது, தண்ணீர், பள்ளிக்கல்வி, வீட்டுவசதி போன்றவற்றை ஆராய்வதோடு 1998 முதல் மாநிலம் தழுவிய கருத்துக்கணிப்பையும் நடத்துகிறது. அம்மாநிலத்தில் பல சட்டங்களை வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்வதால், நடுநிலையான தகவல் இல்லாவிட்டால் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டுபவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கும். கருத்துக்கணிப்பு என்பது ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுதான். ஆனால் அடிவரை கிளறிவிட்டு எடுக்க வேண்டும், அதனால்தான் அங்கே பலர் பேசும் ஸ்பானிய மொழியிலும் கேள்வி கேட்கிறார்கள். கட்சி சாராமை என்றால் கருத்தே சொல்லாமை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆய்வில் கண்டதை அந்நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லும், வேட்பாளரையோ வாக்கெடுப்புக்கு வரும் சட்டத்தையோ ஆதரிக்கவோ எதிர்க்கவோ மட்டும் செய்யாது.