சோதனைச் சாவடியில் இனத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது பலன் தருமா, நியாயமா?

இன அடிப்படையிலான சோதனை என்பது, ஒருவர் என்ன செய்தார் என்பதைப் பாராமல், நிறம், பெயர், உடை ஆகியவற்றை மட்டும் வைத்து அவரைக் கூடுதலாகச் சோதிப்பதாகும்.

அது பெரும்பாலும் பலன் தருவதில்லை. ஓர் இனத்தைச் சேர்ந்த 100,000 பயணிகளில் ஒருவர் தீய நோக்கம் கொண்டவர் என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய 99,999 பேரை நிறுத்துவதிலேயே அதிகாரிகளின் நேரமும் கவனமும் கரைந்துவிடும். எந்தத் தோற்றம் சந்தேகிக்கப்படுகிறது என்பதை அறிந்த கும்பலோ வேறு தோற்றம் கொண்டவரை அனுப்பிவிடும். 1986இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தம் பையில் காதலன் வெடிகுண்டை மறைத்திருந்ததை அறியாமலேயே இஸ்ரேலிய விமானம் ஏற வந்தவர், கர்ப்பிணியான ஓர் அயர்லாந்துப் பெண். பயணத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களே சந்தேகத்தை எழுப்பின. அவருடைய இனம் அன்று. என்னைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு தோற்றத்தை மட்டும் தேடுவதும் இதைப் போன்றதே: டெங்கிக் கொசுவைத் தேடுபவர்கள் தரைவீடுகளின் பூந்தொட்டிகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் தேங்கிய நீரில் கொசு நிம்மதியாகப் பெருகும் அல்லவா?

நியாயத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இனத்தையோ சமயத்தையோ காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. மேலும், அடிக்கடி காரணமின்றி நிறுத்தப்படும் சமூகத்தினர், உண்மையான ஆபத்தைக் கண்டாலும் அதிகாரிகளிடம் சொல்லத் தயங்குவார்கள். அந்த இழப்பு மிகப் பெரியது.

இனத்தைப் பார்க்கக் கூடாது என்றால் சாட்சி தந்த அங்க அடையாளத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர். நடந்த குற்றத்துக்காகக் குறிப்பிட்ட ஒருவரைத் தேடும்போது தோற்றத்தைப் பயன்படுத்துவது வேறு, எதுவும் நடவாதபோது ஓர் இனத்தையே சந்தேகிப்பது வேறு.