6.5 லட்சமா, 2.75 லட்சமா? அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு யாரிடம் செல்வது?

கேள்வி: தஞ்சாவூரில் வசிக்கும் என் அப்பாவுக்கு (வயது 64) மலக்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருப்பது பயாப்சியில் தெரியவந்துள்ளது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ரோபோட்டிக் அறுவைச் சிகிச்சைக்கு 6.5 லட்சம் ரூபாய் எஸ்டிமேட் கொடுத்துள்ளது. அறக்கட்டளை நடத்தும் இன்னொரு மருத்துவமனை 2.75 லட்சம் என்கிறது. ஐந்து ஆண்டுகளாக நடப்பில் உள்ள 5 லட்சம் ரூபாய் பாலிசியும் (அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 5,000), அம்மா பெயரில் 8 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட்டும் இருக்கின்றன. டெபாசிட்டை முறித்துப் பெரிய மருத்துவமனைக்கே போய்விடலாமா?

பதில்: எஸ்டிமேட்டில் உள்ள தொகை அறைக்கும் கருவிக்கும் கட்டடத்துக்கும் ஆகும் விலையைச் சொல்லுமே தவிர, அறுவை செய்பவரின் தேர்ச்சியைச் சொல்லாது. ஆகவே இரண்டு தொகைகளையும் சற்று ஒதுக்கிவைத்து, அப்பாவுக்கு யார் அறுவை செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருக்கும்போது, மலத்தை அடக்கும் சுருக்குத்தசையைக் காப்பாற்ற முடியுமா அல்லது வாழ்நாள் முழுவதும் மலம் சேரும் பையை வயிற்றில் மாட்ட வேண்டிவருமா என்பதில், கட்டியின் நிலைக்கு அடுத்தபடியாக நிபுணரின் அனுபவத்துக்கே பெரும்பங்கு உண்டு. சர்ஜிக்கல் ஆன்காலஜியிலோ (புற்றுநோய் அறுவைச் சிகிச்சை) குடல் அறுவைச் சிகிச்சையிலோ எம்.சிஎச். என்னும் உயர்நிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்பதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். ஆனால் பட்டம் நுழைவுச்சீட்டு மட்டுமே. ஆண்டுக்கு எத்தனை மலக்குடல் புற்றுநோய் அறுவைகளைத் தாமே செய்கிறார், அப்பாவைப் போன்றவர்களில் எத்தனை பேருக்கு நிரந்தரப் பை தேவைப்பட்டது, குடலை இணைத்த இடத்தில் தையல் கசிவு எவ்வளவு நேர்கிறது, அன்றைய தினம் கத்தியைப் பிடிப்பவர் அவரா, அவருடைய உதவியாளரா என்று நேரிலேயே கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் மருத்துவரைவிட, எண்ணிக்கையைச் சொல்லி விளக்குபவரையே நான் நம்புவேன்.

கீழ்மலக்குடல் கட்டிகள் பலவற்றுக்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோதெரபியும் தரப்படுகின்றன என்பதால், இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டதா, அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்துவழி நிபுணர் மூவரும் கூடும் டியூமர் போர்டில் அப்பாவின் விவரம் விவாதிக்கப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும். அது நடக்காமலேயே நேராக அறுவைக்குத் தேதி குறித்திருந்தால், இரண்டாம் கருத்து பெறாமல் முன்பணம் கட்டாதீர்கள். பயாப்சி ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்குகளையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்தில் மறுபரிசோதனைக்குக் கொடுக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பின் வழியாக இணையத்திலும் கருத்துப் பெறலாம். முழுச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. இந்தச் சிகிச்சையில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

இனி எஸ்டிமேட். அதில் அறை வாடகை நாளொன்றுக்கு 10,000 என்று இருந்தால், உங்கள் வரம்பு 5,000 என்பதால் வாடகையில் மட்டும் பாதி வெட்டப்படும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் அறுவை நிபுணர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். மருந்து, பரிசோதனை, உள்பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த வெட்டு இல்லை. குறைக்கப்படும் இனங்கள் மட்டும் 3 லட்சம் என்றால், 1.5 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். வரம்புக்குள் உள்ள அறையைக் கேட்டுப் பெற்றால் அதே மருத்துவரிடமே இந்தத் தொகை மிச்சமாகும். ரோபோட்டிக் முறையைக் காப்பீட்டு நிறுவனம் முற்றிலும் விலக்க முடியாது என்றாலும் அதற்குத் துணை வரம்பு, அதாவது அந்த முறைக்கு மட்டுமான உச்சத் தொகை, வைக்கலாம். ஆரோக்ய சஞ்சீவனி என்னும் பொதுவான மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் பாதி. உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரோபோ இல்லாமல், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தேர்ந்த கையும் நல்ல கையே.

செலவு அறுவையோடு முடிவதில்லை. தற்காலிகப் பை வைக்கப்பட்டால், சில மாதங்களுக்குப் பின் அதை மூட இன்னோர் அறுவை வேண்டும். இடையில் கீமோதெரபியும் இருக்கக்கூடும். தொடர்ந்து வாங்கவேண்டிய பைகளும் ஒட்டுத் தகடுகளும் பெரும்பாலும் சொந்தச் செலவுதான். 5 லட்சத்தை முதல் அறுவையிலேயே தீர்த்துவிட்டால் மிச்சத்துக்கு அடுத்த பாலிசி ஆண்டு வரை காத்திருக்க நேரும். எனவே புதுப்பிப்புத் தேதியை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்; இந்த நிலையில் நிறுவனத்தை மாற்றவும் முயலாதீர்கள். அப்பா அம்மாவுக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்து, ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை கிடைக்கும். தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள்.

டெபாசிட்டை முறிக்க வேண்டாம். அதன்மீது ஓவர்டிராஃப்ட் வசதி வாங்கி வைத்துக்கொண்டால், எடுத்த தொகைக்கு மட்டும், டெபாசிட் வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டி கட்டினால் போதும். கணக்கு அம்மா பெயரில் இருப்பதால் வங்கியில் அவர் கையெழுத்து வேண்டும். அப்பாவை அட்மிட் செய்வதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.