தரை ஆமைக் கூண்டில் கால்சியம் மணல் பரப்பலாமா?

"கடையில் கொடுத்த கால்சியம் மணலைத்தான் பரப்பியிருக்கிறேன், ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஊர்வன வளர்ப்போருக்கென்று விற்கும் அந்தச் சுண்ணாம்புத் துகளை இன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

நீங்கள் இந்தியாவில் இல்லை என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அங்கே நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அப்படியென்றால் மண்ணைப் பற்றிக் கேட்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நான் இருப்பது இங்கிலாந்தில். எங்கள் குப்பு ஹார்ஸ்ஃபீல்டு ஆமை, ரஷ்ய ஆமை என்றும் சொல்வார்கள். 1968-ல் சோவியத்காரர்கள் சோண்ட் 5 விண்கலத்தில் ஏற்றி நிலவைச் சுற்றி அனுப்பிய இரண்டு ஆமைகள் இந்த வகைதான். நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய இனம், என் வீட்டு மரப்பெட்டியில் சாகப் பார்த்தது.

கடைப் பையன், "பாலைவன ஆமை சார், இந்த மணல்தான் சரி, தின்றாலும் கால்சியம்தானே" என்று ஒரு பையைத் தலையில் கட்டினான். நானும் நம்பி, டான்டேலியன் என்ற களைச்செடியின் இலையை மணல் மேலேயே போட்டு வந்தேன். ஈர இலையில் மணல் சர்க்கரை மாதிரி ஒட்டிக்கொள்ளும், குப்பு அதையும் சேர்த்து மெல்லும். மூன்றாவது மாதம் சாப்பாட்டை நிறுத்தியது, ஒரு வாரமாகக் கழிவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் குடல் வெள்ளை வெளேரென்று தெரிகிறது, எல்லாம் மணல். மருத்துவர் ஊசி போட்டு, தினமும் 20 நிமிடம் ஓட்டின் பாதி உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் தொட்டியில் சிமெண்ட் கட்டி மாதிரி ஒன்று கிடந்தது. விரலால் நசுக்கினேன், நறநறவென்றது. உங்களுக்கு அருவருப்பாக இருக்கலாம், எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது.

"என் ஆமை பத்து வருடமாக மணலில்தான் இருக்கிறது" என்று யாராவது வருவீர்கள். சந்தோஷம், நன்றாக இருக்கட்டும். ஆனால் இவை கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்தில் வளை தோண்டி, வெயிலுக்கும் பனிக்கும் அதற்குள்ளேயே கிடப்பவை. மேலே வறட்சி, வளைக்குள் ஈரம். சரிகிற மணலில் வளை நிற்காது.

இப்போது நான் போடுவது உரம் கலக்காத தோட்டத்து மேல்மண் இரண்டு பங்கு, குழந்தைகள் விளையாடும் மணல் ஒரு பங்கு. மணலைத் திட்டிவிட்டு மணலா என்று கேட்காதீர்கள், மண்ணோடு கலந்து அழுத்தினால் அது இலையில் அப்படி ஒட்டுவதில்லை. பூந்தொட்டிக் கலவை வேண்டாம், உரமும் பெர்லைட் என்ற வெள்ளைத் துணுக்குகளும் இருக்கும். தேவதாரு, பைன் மரத்தூளும் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் ஆகாது. தென்னை நார்த்தூள் ஈரமாக இருக்கும்வரை சரி, காய்ந்தால் கண்ணில் தூசி. அந்த நார்த்தூள் கட்டியை நான் காசு கொடுத்து வாங்கியதை வீடியோவில் பார்த்து அப்பா அரை மணி நேரம் சிரித்தார். எங்கள் ஊர் பொள்ளாச்சி பக்கம், அங்கே அது மில் வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கும்.

அவர் சிரித்ததோடு விட்டார். அண்ணிதான் குடும்பக் குழுவில் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று போட்டார். எனக்கு வேலை போனதற்கும் குப்புதான் காரணமாம். அந்த அலுவலகத்தில் நாற்பது பேருக்கு வேலை போனது, அவர்கள் எல்லோருமா ஆமை வளர்த்தார்கள்? இதைக் குழுவில் கேட்டால் சண்டை வரும், அதனால் இங்கே கேட்கிறேன்.

சரி, மண். ஒரு மூலையிலாவது 15 செ.மீ. ஆழம் வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், தட்டினால் உதிரணும், தண்ணீர் சொட்டினால் அதிகம். தீனியை ஒரு தட்டைக் கல்லின் மேல் வையுங்கள். அப்புறம், உங்கள் ஆமை கடைசியாகக் கழிவு போட்டது எப்போது என்று எழுதவேயில்லையே?