தண்ணீர்க் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கட கட்டுக்கிணறு 15 அடி அகலம். வெள்ளம் வடிஞ்ச பிறகு குளோரின் போடச் சொல்லுகினம். கிணற்றில எத்தனை லீற்றர் நிற்குது எண்டு எப்படிப் பார்க்கிறது? (வாசகி, முள்ளியவளை)

பதில்: வட்டக் கிணற்றுக்கு இரண்டு அளவு போதும்: உட்பக்க விட்டம், தண்ணீரின் ஆழம். கயிற்றில் கல்லைக் கட்டி அடியைத் தொடும்வரை இறக்கித் தூக்குங்கள். நனைந்த நீளம்தான் ஆழம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, பிறகு 22.2 ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். எல்லாம் அடிக் கணக்கில் இருக்க வேண்டும். 15 அடிக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் ஏறத்தாழ 5,000 லீற்றர். 12 அடிக் கிணற்றில் 3,200 லீற்றர். உங்கள் கிணற்றில் 10 அடி நின்றால் 50,000 லீற்றர்.

பலர் பிழை விடுவது ஆரையில், அதாவது விட்டத்தின் பாதியில். பள்ளிக்கூடச் சூத்திரத்தில் ஆரை போடவேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டால் விடை நான்கு மடங்காகும், குளோரினும் நான்கு மடங்கு விழும்.

குடிநீர்க் கிணற்றுக்கு வழமையான அளவு, 33 வீதம் குளோரின் உள்ள வெளிற்றும் தூள் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம். 50,000 லீற்றருக்கு 125 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இது போதாது. சேறும் அழுகல் பொருட்களும் குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் கலங்கல் தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, ஊறி வந்த தண்ணீரை மறுபடி அளந்துகொண்டு, எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். தூளை வாளியில் களியாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் அடைய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக்கூடாது. ஒரு மணித்தியாலம் கழித்தே அள்ள வேண்டும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த தூளில் வலு இராது.

கேள்வி: ஆவணியில கிணற்றுத் தண்ணி 28 அடிக்குக் கீழ போயிட்டுது. மேல வைச்ச மெசின் ஓடுது, தண்ணி வரேல்ல. கூடின குதிரைவலுவில வாங்கினால் சரிவருமா? (வாசகர், தர்மபுரம்)

பதில்: சரிவராது, காசை வீணாக்காதீர்கள். மேலே இருக்கும் மெசின் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் இருக்கும் காற்றை அகற்றுகிறது; கிணற்று நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்றுத்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றால் தள்ள முடிந்த அதிக உயரம் 34 அடிக்குச் சற்றுக் குறைவு. அதிலும் 30 பாகை வெப்பமுள்ள தண்ணீரின் ஆவியழுத்தம் ஒன்றரை அடியளவைத் தின்றுவிடும். குழாய் உராய்வும் புட்வால்வும் (குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) மெசினின் சொந்தத் தேவையும் மீதியில் பங்கு கேட்கும். நடைமுறையில் 22 முதல் 25 அடிதான் எல்லை. இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்கும் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கிணற்றின் உள்ளே தட்டு அமைத்து மின்மோட்டரைக் கீழிறக்கலாம், அல்லது நீர்மூழ்கி மோட்டர் போடலாம். கீழிருந்து மேலே தள்ளுவதற்கு இந்த எல்லை இல்லை. மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மெசினை மட்டும் கிணற்றுக்குள் ஒருபோதும் இறக்க வேண்டாம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது. கிணற்றுக்குள் தேங்கி, இறங்கியவரையும் தூக்க இறங்கியவரையும் கொன்றுவிடும்.

20 அடியிலேயே வராவிட்டால் கோளாறு வேறு. மெசினை ஓட்டுமுன் குழாய்க்குள் ஊற்றிய தண்ணீர் சில நிமிடங்களில் வடிந்தால் புட்வால்வில் மண் அல்லது தேய்ந்த வாசர். வெளியே வரும் நீரில் குமிழ் இருந்தால் உறிஞ்சு குழாய்ப் பூட்டில் காற்று நுழைகிறது.

கேள்வி: சிறுபோகத்தில வாய்க்கால் தண்ணி நிண்டால், அரை ஏக்கர் நெல்லைக் கிணற்றால காப்பாற்றலாமா? (வாசகர், மல்லாவி)

பதில்: அரை ஏக்கரில் 2 அங்குலம் தண்ணீர் கட்ட 1,03,000 லீற்றர் வேண்டும். மேலே சொன்ன 15 அடிக் கிணற்றை 10 அடி இறைத்தாலும் அதில் பாதிதான். ஆகவே தண்ணீர் கட்டி நிறுத்தும் எண்ணத்தை விடுங்கள். மண் வெடிக்காமல் ஈரமாக வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். பயிரும் வெயிலும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் எடுத்தால் அரை ஏக்கருக்கு 10,000 லீற்றர். கச்சான் காற்று வீசும் நாளில் இது கூடும். கீழே கசிவது தனிக் கணக்கு. மணற்பாங்கான வயலில் அதுவே பெரும் பங்கு.

ஒரு மாலை கிணற்றை இறைத்து மட்டத்தை அடையாளம் இடுங்கள். 15 அடிக் கிணற்றில் விடிய 2 அடியாவது ஊறியிருந்தால்தான் அந்த 10,000 லீற்றர் கிடைக்கும். களிமண் வயலாகவும் இருந்தால் முயலலாம். பூக்கும் பருவத்தில் வரட்சி பட்டால் பதர்தான் மிஞ்சும், எனவே சேமித்த தண்ணீரை அந்த நாட்களுக்கு வைத்திருங்கள்.

கேள்வி: 20 அடிக் குளத்தில 10 அடி நிண்டால் பாதித் தண்ணி இருக்கெண்டு எடுக்கலாமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கூடாது. கிணறு நேராக இறங்கும், குளம் மேலே போகப் போக விரியும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சீராகச் சரியும் குளமென்றால், பாதி ஆழத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அடியைக் கேட்டு விதைப்பு ஏக்கரைத் தீர்மானிக்காமல், ஏக்கர் அடியைக் கேளுங்கள். ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அதாவது 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர்.

கேள்வி: குளியலறையில தண்ணி மெல்லமாய் வருது. 500 லீற்றர் தாங்கியை மாற்றி 1,000 வைக்கட்டோ? (வாசகி, மாங்குளம்)

பதில்: அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, கொள்ளளவைப் பொறுத்ததல்ல. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தின் அலகு). 15 அடி உயரத்தில் இருக்கும் தாங்கி 0.45 பார்தான் தரும். உயர்த்த முடியாவிட்டால் இறங்கு குழாயை அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலமாக்குங்கள், வளைவுகளைக் குறையுங்கள். 1,000 லீற்றர் வைப்பதானால் அது நிறைந்ததும் ஒரு தொன் பாரம். பழைய தூண்களில் கம்பி துருப்பிடித்து வெடிப்பு இருந்தால் ஏற்ற வேண்டாம்.